முகம் காட்டும் நாள்

கோவிந்தனுக்கு மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அது அவனுக்கு மரியாதை கொடுப்பதாகிவிடும். ஒன்றும் தெரியாதவன் பயந்தாவது நிற்பான். கோவிந்தனுக்கு அரைகுறையாகத் தெரியும், பயம் கிடையாது. முன்பு அதே இடத்தில் அரிசி மண்டி வைத்திருந்தான். பெங்களூர் ஜீவனஹள்ளி ஜனங்கள் அரிசிக்குப் பேரம் பேசுகிறார்கள், மாத்திரைக்குப் பேசுவதில்லை என்று ஒரு நாள் கண்டுகொண்டான். மூட்டைகளைத் தள்ளிவிட்டுக் கண்ணாடி அலமாரி போட்டான். மண்டிக் காலத்துப் பழக்கம் மட்டும் போகவில்லை. டாக்டர் சீட்டைக் கையில் வாங்கியதும் அதைப் படிக்க மாட்டான், "எத்தன வேணும்?" என்றுதான் கேட்பான்.

இப்படிப்பட்டவனுக்கு எவன் லைசென்ஸ் கொடுத்தான் என்று கேட்கலாம். கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படமும் மாதா படமும் இருந்தன, வாடிக்கை இரண்டு பக்கமும் உண்டு. நடுவில் சட்டம் போட்ட ஒரு சர்டிபிகேட் தொங்கியது. வித்யாலட்சுமி, பதிவு பெற்ற பார்மசிஸ்ட். மூலையில் அவள் இருபத்திரண்டு வயதில் எடுத்துக்கொண்ட போட்டோ, அதன் கீழே இங்கிலீஷில் அவள் கையெழுத்து. அந்தக் காகிதம் சுவரில் இருக்கிறவரைக்கும்தான் கடை.

சர்டிபிகேட் உள்ளவர் கடையில் நின்று மருந்து கொடுக்க வேண்டும் என்பது சட்டம். காகிதத்தைத் தொங்கவிட்டுவிட்டு ஆளை வீட்டில் உட்காரவைத்து, காகிதத்துக்கு மாதாமாதம் வாடகை கொடுப்பது வழக்கம். டிரக் இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் சர்டிபிகேட்காரர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போவார். அதற்கு "முகம் காட்டுவது" என்று பெயர். அந்த மகான்களில் சிலர் பகலில் இன்ஷூரன்ஸ் விற்றார்கள், சிலர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாத்திரையையே பார்த்தார்கள்.

வித்யாலட்சுமி அந்த ரகம் இல்லை. கோவிந்தன் கடையில் ஒன்பது வருஷம் காலை ஒன்பது மணிக்கு வந்து நின்றவள். டாக்டர் சீட்டில் அளவு தப்பியிருந்தால் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்பாள். சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களைப் பார்த்தவுடனே விரட்டுவாள். வாடகை சர்டிபிகேட்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணும். போதை தரும் கோடீன் சேர்ந்த இருமல் சிரப்புக்காகச் சாயங்காலம் கூட்டமாக வந்து நிற்கும் வாலிபப் பசங்களை அவள் பேசுகிற பேச்சுக்கு எதிர் ஓட்டல்காரனே வெளியில் வந்து வேடிக்கை பார்ப்பான்.

அப்படிப்பட்டவள்தான் தொண்ணூற்றெட்டு ஜனவரிக் குளிரில் வந்த இருமலுக்கு அதே சிரப்பை ஒரு மூடி குடித்தாள். இருமல் பத்து நாளில் போய்விட்டது, சிரப் போகவில்லை. மார்ச்சில் நாளைக்கு இரண்டு பாட்டில் ஆனது. ஸ்டாக் பார்க்கிறேன் என்று உள்ளே போய், நின்றபடியே குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, அதே சிரப் கேட்டு நிற்கிற பசங்களை "வெக்கமா இல்ல?" என்று கேட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் தன் முகத்தில் தானே காறித் துப்ப வேண்டும் போலிருக்கும் அவளுக்கு.

ஏப்ரல் கடைசியில் சலைன் பெட்டிகள் மேல் சாய்ந்து தூங்கியவளைக் கோவிந்தன் எழுப்பினான். பெட்டிகளுக்குப் பின்னால் காலி பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒரு சத்தம் போடவில்லை அவன். அவள் புருஷன் சேஷகிரியை வரவழைத்து, தானே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டான். எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று சேஷகிரி வெகுநாள் உருகிக்கொண்டிருந்தான். ஆளைத்தான் ஆட்டோவில் ஏற்றினான் கோவிந்தன், சர்டிபிகேட்டை ஏற்றவில்லை. அது யாருக்கும் உறைக்கவில்லை.

மே இரண்டாம் தேதி ஓசூர் ரோட்டில் இருக்கிற பெரிய மனநல ஆஸ்பத்திரியில், போதை மறக்கவைக்கும் வார்டில் சேர்ந்தாள். ஆறு வாரம். முதல் வாரம் எலும்பெல்லாம் இரும்புச் சங்கிலியால் கட்டி இழுத்தது போலிருந்தது, வயிறு தண்ணீராகப் போனது. அங்கே தினம் காலையில் ஒரு நோட்டில் "நேற்று ஒன்றும் எடுக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாட்களில் அவளால் பேனாவைப் பிடிக்கக்கூட முடியவில்லை. முழுப்பெயரும் எழுத வராமல் "வித்யா" என்று மட்டும் தமிழில் போட ஆரம்பித்தாள். போகப்போகக் கை நின்றது, எழுத்தும் அப்படியே குட்டையாக, அழுத்தமாக நின்றுவிட்டது. பிறகு கிருஷ்ணகிரியில் அக்கா வீட்டில் டிசம்பர் வரைக்கும் இருந்தாள், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து போனாள். அக்கா அவளை நம்பி வீட்டைக் கொடுத்தாள், ஆனால் விக்ஸ் மிட்டாயைக்கூட பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஜனவரியில் ஜீவனஹள்ளிக்குத் திரும்பினாள். இனி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிய கடிதமும், சேர்ந்த தேதி விடுபட்ட தேதி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தன. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். பழையபடி கவுண்டருக்குப் பின்னால் நின்று மருந்து கொடுக்க வேண்டும். வேறு எதற்காக அந்த வேதனையை எல்லாம் பட்டு மீண்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

கோவிந்தன் அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டான். முகத்தில் களை வந்துவிட்டது என்றான், காபி சொன்னான். டாக்டர் கடிதத்தை நீட்டினாள். தலைப்பில் இருந்த ஆஸ்பத்திரிப் பெயரைப் படித்தவன், ஈரம் பட்ட காகிதத்தைத் தள்ளுவதுபோல ஒரு விரலால் அவள் பக்கமே தள்ளினான்.

"சிரப் அலமாரி சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். தெனம் நீங்களே எண்ணிப் பாருங்க. நான் நின்னு மருந்து கொடுக்கறேன், அவ்வளவுதான்" என்றாள் வித்யாலட்சுமி.

"நீங்க இன்னாத்துக்கு மேடம் கஷ்டப்படணும்? சர்டிபிகேட்டு அது பாட்டுக்குத் தொங்கினுகீது. மாசாமாசம் சாரு கையில கரெக்டா குடுத்துடறேன். நீங்க வீட்டுல ரெஸ்ட்டு எடுங்க."

சார் என்றால் சேஷகிரி. புருஷன் தன் காகிதத்துக்கு வாடகை வாங்குகிறான் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதை முகத்தில் காட்டாமல், தனக்கு வாடகை வேண்டாம், வேலை வேண்டும் என்றாள்.

கோவிந்தன் குரலைத் தாழ்த்தினான். "ஜனம் எப்டின்னு ஒங்களுக்கே தெரியும். நாளைக்கி ஒரு கொழந்தைக்கி வயித்தால போச்சின்னாகூட, அந்தம்மா கை பட்ட மருந்துன்னுவாங்க. சும்மனே எதுக்கு பேஜாரு?"

சுவரில் தொங்கத் தகுதி உண்டு, அதே சுவருக்குக் கீழே நிற்கத் தகுதி இல்லை. வித்யாலட்சுமி காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

காக்ஸ் டவுன் பக்கம் மூன்று கடை ஏறி இறங்கினாள். முதல் இரண்டு கடையில் அவள் வாயைத் திறக்குமுன்பே சர்டிபிகேட்டைக் கொடுக்கிறீர்களா என்று ஆசையாகக் கேட்டார்கள். தினம் வந்து நின்று வேலை செய்ய வேண்டும் என்று சொன்னதும் முகம் சுருங்கியது. நிற்க வேண்டுமா, ஏன், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார்கள். சர்டிபிகேட்டும் வைத்துக்கொண்டு வேலையும் செய்கிறேன் என்கிற ஆளிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் அவர்களுக்குப் பட்டது. மூன்றாவது கடைக்காரர் பெர்னார்டுக்கு அவள் கதை தெரியும். அவர் ரொம்ப இரக்கப்பட்டார். கர்த்தர் கைவிட மாட்டார் என்றார். தினமும் அவளுக்காக ஜெபம் பண்ணுவதாகவும், கடைப் பக்கம் வராமல் இருந்தால் சர்டிபிகேட்டுக்குக் கோவிந்தன் கொடுப்பதைவிடக் கூடவே கொடுப்பதாகவும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் பிதுக்கம்பருப்புக் குழம்புக்கு அவரைக்கொட்டை ஊறப்போட்டிருந்தது. பெங்களூரில் ஜனவரி என்றால் தெரு முழுக்க அவரைக்காய் வாசனைதான், வேறு எதுவும் சமைத்தால் அக்கம்பக்கத்தில் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் தரையில் உட்கார்ந்து பிதுக்கினார்கள். ஊறிய கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் பருப்பு தோலை விட்டு வழுக்கிக்கொண்டு வரும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு படி பிதுக்குவதற்குள் விரல் நுனி வெந்துபோகும்.

சேஷகிரி பருப்பை ஒரு கிண்ணத்திலும் தோலை ஒரு தட்டிலும் சிந்தாமல் போட்டுக்கொண்டிருந்தான். எதிலும் ஒழுங்கு அவனுக்கு. தொழிற்சாலை ஸ்டோர்ஸில் கிளார்க். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். யாராவது ரிடையர் ஆனால் வாழ்த்துமடல் எழுத அவனைத்தான் கூப்பிடுவார்கள். பீடி சிகரெட் கிடையாது, பாக்குகூடப் போட மாட்டான். கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லாததையே ஒரு உத்தியோகமாகச் செய்துகொண்டிருந்தான்.

வாடகையைப் பற்றிக் கேட்டாள். ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸுக்கும்தான் போனது, நான் எடுத்து என்ன தின்றேன் என்றான். அதில் பொய் இருக்காது என்று அவளுக்கும் தெரியும்.

"பணத்த விடுங்க. மே மாசத்துலேருந்து கடை தெறந்துதான இருக்குது? ஒவ்வொரு மருந்துக்கும் ரிஜிஸ்டர்ல பார்மசிஸ்ட்டு கையெழுத்து வேணுமே. அத யாரு போட்டது?"

சேஷகிரி நாலைந்து கொட்டையைப் பிதுக்கினான். "நான்தான்" என்றான்.

அவள் கை நின்றது.

"எட்டு மாசம் வித்யா. ஒரு நாள் விடல. ஷிப்ட் முடிஞ்சி நேரா கடைக்கிப் போயி, அன்னன்னிக்கி எல்லாத்தையும் போட்டுட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். மழையிலகூட போனேன். லைசென்ஸ் போச்சுன்னா உன் பேருதான கெடும்?"

கேட்காமலே மேலும் சொன்னான். சர்டிபிகேட்டில் இருக்கிற அவள் கையெழுத்தைப் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பழகினானாம். 'எல்' எழுத்துக்குப் போடுகிற சுழி ஒரு வாரம் வரவே இல்லையாம். அப்புறம் பிடிபட்டுவிட்டதாம். இப்போது அவள் போடுவதைவிட அவனுக்கு நன்றாக வருகிறதாம். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். பாராட்டை எதிர்பார்க்கிற முகம் அது.

வித்யாலட்சுமிக்கு ஆஸ்பத்திரி நோட்டு நினைவுக்கு வந்தது. அங்கே ஒவ்வொரு நாள் காலையிலும் மூன்று எழுத்துப் போட அவள் செத்துச் செத்துப் பிழைத்தாள். அதே நாள் சாயங்காலம் இங்கே இந்த மனுஷன் அவள் பெயரை வரிவரியாக அழகு பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். ஆறு வாரத்தில் அவளைப் பார்க்க வந்தது இரண்டே தடவை. கேட்டபோது வேலை அதிகம் என்றான். வேலை இதுதான்.

"ரெண்டு தடவ வந்தீங்க என்னப் பாக்க" என்றாள்.

"நீ இல்லாத கொறையே தெரியாம பாத்துக்கிட்டேன் வித்யா" என்றான் சேஷகிரி. பிரியமாகத்தான் சொன்னான்.

அதற்கு மேல் அவனிடம் பேச அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மீதிக் கொட்டையைத் தனியாகவே பிதுக்கி முடித்தாள். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சேஷகிரி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவும்போது சொன்னான், புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார், கோவிந்தன் அவளை முகம் காட்ட வரச்சொன்னான் என்று.

திங்கட்கிழமை அவளே கடைக்குப் போனாள். முகம் காட்டுகிறேன், பதிலுக்கு வியாழக்கிழமையிலிருந்து கவுண்டரில் நிற்க விட வேண்டும் என்றாள். கோவிந்தன் சுவரைப் பார்த்தான். சர்டிபிகேட் இல்லாவிட்டால் மறுபடி மண்டிதான் என்பது அவன் கண்ணில் ஓடியது. சரி என்றான். பிள்ளையார் மேலும் மாதா மேலும் சேர்த்தே சத்தியம் பண்ணினான்.

வித்யாலட்சுமி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு மணி நேரம், ஒரு பொய். எல்லாம் என் கையெழுத்துதான் என்று சொல்லிவிட வேண்டியது. நாளைக்குப் பத்துப் பொய் சொல்லிச் சிரப் குடித்தவளுக்கு இது என்ன பெரிய காரியம்? வாடகை சர்டிபிகேட்காரர்களைப் பார்த்து உதட்டைக் கோணினவள் கடைசியில் அதே கோட்டை மாட்டிக்கொண்டு அதே வரிசையில் நிற்கப் போகிறாள். நின்றுவிட்டுப் போகட்டும். வியாழக்கிழமை வந்துவிட்டால் போதும்.

புதன்கிழமை காலையில் வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டினாள். தோளில் தொளதொளவென்று தொங்கியது. பைக்குள் கையை விட்டால் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. சிரப் பாட்டிலின் மூடி. எட்டு மாதமாக அங்கேயே கிடந்திருக்கிறது. சாக்கடையில் எறிந்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

கடை அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டியில் வழக்கமாக இருக்கும் கோவிந்தனின் மோர்ச் செம்பு காணாமல் போயிருந்தது. சேஷகிரி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, வாடிக்கைக்காரன் மாதிரி வாசல் படியில் நின்றான். ஏதாவது தப்பாகிவிட்டால் சமாளிக்கத்தானாம்.

இன்ஸ்பெக்டர் ஸ்ரீகண்டன் பதினொரு மணிக்கு வந்தார். மைசூர்க்காரர். வீட்டில் கன்னடம், கடைகளில் தமிழ். கெட்டவர் என்று சொல்ல முடியாது, ஆனால் இருபது வருஷமாக முகம் காட்டுகிறவர்களையே பார்த்துப் பார்த்து, மனுஷ முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டிருந்தார். வித்யாலட்சுமியின் கோட்டைப் பார்த்துத் தலையசைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைக் கேட்டார். போன மார்ச் முதல் தேதி ஆரம்பித்த ரிஜிஸ்டர் அது. கோவிந்தன் அதைத் துணியால் துடைத்து நீட்டினான்.

பக்கங்களைப் புரட்டிக்கொண்டு வந்தவர் நின்றார். சுவரில் இருந்த சர்டிபிகேட்டைக் கழற்றித் தரச்சொன்னார். மூலையில் இருந்த கையெழுத்தையும் ரிஜிஸ்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிடித்துவிட்டார் என்று நினைத்தாள் வித்யாலட்சுமி.

"இது யாரும்மா போட்டது? இந்த மார்ச்சு, ஏப்ரலு?" என்றார் ஸ்ரீகண்டன். "கோழி கெளறின மாதிரி இருக்குது. கோடு கீழ எறங்கிப் போவுது, பாதி பேருதான் இருக்குது. யாரோ டூப்ளிகேட் சைன் போட்டிருக்காங்க. இங்க நோடி, மே மாசத்துலேருந்து எஷ்டு சொகசா, எவ்ளோ அழகா இருக்குது! சர்டிபிகேட்டுல இருக்கற அதே சைனு. இது ஒண்ணுதான் நிஜம்."

மார்ச்சும் ஏப்ரலும் அவளே போட்டவை. சிரப் தலைக்கேறி, பேனா போன போக்கில் போட்டவை. அதற்குப் பிறகு உள்ளது ஒன்றுகூட அவளுடையது இல்லை. இன்ஸ்பெக்டர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார்.

கோவிந்தன் சட்டென்று பிடித்துக்கொண்டான். வியாபாரிக்கு அந்த மூளை உண்டு. ஆமாம் சார், அந்த ரெண்டு மாதம் மேடத்துக்கு உடம்பு சரியில்லை, வேலைக்கு இருந்த ஒருவன் கிறுக்கிவிட்டான், அவனை அப்போதே நிறுத்திவிட்டேன் என்று தண்ணீர் மாதிரி சொன்னான்.

ஸ்ரீகண்டன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "சரி. இந்த ரெண்டு மாசம் என் சைன் இல்லன்னு ஒரு லைன் எழுதிக் கொடுங்க மேடம். கடைக்கி ஒரு வார்னிங் கொடுத்து முடிச்சிடறேன். உங்க மேல ஒண்ணும் வராது."

என்ன சுலபம்! அவள் ஒரு பொய்யோடு வந்தாள், அதைவிடப் பெரிய பொய்யை இன்ஸ்பெக்டரே இலையில் வைத்துப் பரிமாறுகிறார். ஒரு வரி எழுதினால் அந்த இரண்டு மாதமும் இல்லாமலே போய்விடும். குடித்தவள் வேறு யாரோ, தூங்கியவள் வேறு யாரோ. மிச்சமெல்லாம் அழகான கையெழுத்து. நாளைக்கு வியாழக்கிழமை.

ரிஜிஸ்டர் அவள் பக்கம் திரும்பியிருந்தது. ஏப்ரல் பதினொன்றாம் தேதியில் ஒரு வரி. இங்கிலீஷ் 'வி'யில் ஆரம்பித்த பேனா அப்படியே நழுவிக் காகித ஓரம் வரைக்கும் ஒரு கோடாகப் போயிருந்தது. அன்றைக்குப் பதினாறு பேர் மருந்து வாங்கியிருக்கிறார்கள். யாருக்கு எதைக் கொடுத்தாள், அளவு சரியாகச் சொன்னாளா, ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. அவள் வெள்ளைக் கோட்டை நம்பி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் சாகவில்லை என்பதுகூட அவள் சாமர்த்தியம் இல்லை.

நிமிர்ந்தாள். படியில் சேஷகிரி நின்றுகொண்டிருந்தான். எஷ்டு சொகசா என்று இன்ஸ்பெக்டர் சொன்னதிலிருந்து அவன் முகம் மலர்ந்திருந்தது. பரிசு வாங்கப் பெயர் கூப்பிட்ட பள்ளிக்கூடத்துப் பையன்போலக் கூச்சத்தோடு தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் குமட்டியது. கோவிந்தன், அவன் இரண்டு சாமிகள், வெள்ளைக் கோட்டு, வியாழக்கிழமை எல்லாமே.

"சார், நீங்க மாத்திப் புரிஞ்சிக்கிட்டீங்க" என்றாள். "கோணலா இருக்கறதுதான் என்னுது."

ஸ்ரீகண்டன் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கோவிந்தன் இருமினான்.

"அந்த ரெண்டு மாசமும் நான்தான் போட்டேன். இந்தக் கடையில இருக்கற சிரப்பையே குடிச்சிட்டுப் போட்டேன். அழகா இருக்கறது எதுவும் என்னுது இல்ல. அப்போ நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்." பிளாஸ்டிக் கவரிலிருந்து சீட்டை எடுத்து ரிஜிஸ்டர் மேல் வைத்தாள். மே இரண்டு என்று தேதி தெளிவாக இருந்தது.

ஸ்ரீகண்டன் சீட்டை முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"யோசனை பண்ணிப் பேசும்மா. இத நான் எழுதினேன்னா கடை லைசென்ஸ் மட்டும் போகாது. பார்மசி கவுன்சில்ல மொதல்ல உங்களத்தான் கூப்பிடுவாங்க. பேரையே எடுத்தாலும் எடுப்பாங்க."

"எழுதுங்க சார். அங்க வந்தும் இதையேதான் சொல்வேன்."

"அப்போ இந்த நல்ல சைன் யாருது?"

வித்யாலட்சுமி வாசல் பக்கம் பார்த்தாள். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். படி காலியாக இருந்தது. கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லாத சேஷகிரி, அரைநாள் லீவையும் ரத்து பண்ணிவிட்டு வேலைக்கே போய்விட்டான் போலிருக்கிறது.

ஸ்ரீகண்டன் வாக்குமூலம் எழுத ஆரம்பித்தார். மெதுவாக எழுதுகிறவர். கோவிந்தன் அவள் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"நாளைக்கி நிக்கறேன்னீங்களே மேடம். இனிமே எங்க போயி நிப்பீங்க?"

அந்த நேரம் ஒரு பெண் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு வந்து சீட்டை நீட்டினாள். கோவிந்தன் பழக்கதோஷத்தில் கையை நீட்டி, "எத்தன வேணும்?" என்றான்.

வித்யாலட்சுமி சீட்டை அவன் விரலிலிருந்து உருவினாள். "இன்னைக்கி வரைக்கும் என் சர்டிபிகேட் செல்லும் இல்ல சார்?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டாள். அவர் எழுதுவதை நிறுத்தி, செல்லும் என்று தலையசைத்தார்.

குழந்தைக்கு என்ன வயசு, என்ன எடை, காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்டாள். அலமாரிக்குப் போனாள். எட்டு மாதத்தில் கோவிந்தன் எல்லாவற்றையும் அரிசி ரகம் மாதிரி விலைப்படி அடுக்கியிருந்தான், தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. காலாவதித் தேதியைப் பார்த்தாள். பாட்டிலில் எந்தக் கோடு வரைக்கும் ஆறவைத்த தண்ணீர் ஊற்ற வேண்டும், எத்தனை வேளை, காய்ச்சல் விட்டாலும் ஏன் ஐந்து நாளும் கொடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி, அந்தப் பெண்ணைத் திருப்பிச் சொல்லவும் வைத்தாள். ஸ்ரீகண்டன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் பெண் போனதும் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்தாள். குழந்தையின் பெயரை எழுதினாள், மருந்தை எழுதினாள், கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். குட்டையாக, அழுத்தமாக, தமிழில் மூன்றே எழுத்து.

ஸ்ரீகண்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். சர்டிபிகேட்டைப் பார்த்தார், ஏப்ரலைப் பார்த்தார், மேலே இருந்த அழகான வரிகளைப் பார்த்தார்.

"இது அது ரெண்டுமே இல்லையேம்மா" என்றார்.

"இல்ல சார்" என்றாள் வித்யாலட்சுமி. "இனிமே இதுதான்."

அவர் வாக்குமூலத் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "அப்போ அதையே இங்கயும் போடுங்க" என்றார்.

அவள் போட்டாள்.